ராணியை இன்னும் எடுக்காத செஸ் வாத்தியார்

அப்துல் ஹாதியிடம் எதைக் கேட்டாலும் "ஆயிரும்" என்பான். குழாயில் தண்ணீர் ஒழுகுகிறதா, ஆயிரும். ரேஷன் கார்டில் பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டானா, ஆயிரும். குர்லாவிலிருந்து பைக்குப் போடும் பக்கிள் பெட்டி நாளைக் காலையில் வந்தாக வேண்டுமா, "ஆயிரும் மாமா, கவலப்படாதீங்க." இந்திக்காரனிடம் "ஹோ ஜாயேகா" என்பான். மராட்டிக்காரரிடம் அதையே மராட்டியில் சொல்வான். எந்தப் பாஷையில் சொன்னாலும் ஆனதை நான் பார்த்ததில்லை.

இவனைப் பற்றி ஒரு ஆள் உட்கார்ந்து எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். நியாயமாக எழுதுவதென்றால் என்னைப் பற்றித்தான் எழுத வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கடையநல்லூரிலிருந்து வந்து தாராவியில் தையல் மிஷினுக்கு அடியில் படுத்துத் தூங்கியவன். இன்றைக்கு என் பட்டறைப் பை இல்லாமல் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு வக்கீல் கோர்ட்டுக்குக் கிளம்ப மாட்டார். ஆனால் என் கதையை என் பைகளே ஊர் ஊராகப் போய்ச் சொல்கின்றன. ஹாதியின் கதையை யாராவது பாவம் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

இவன் வாப்பா அப்துல் வாஹித் எனக்குப் பக்கத்து மிஷினில் இருந்தவர். அவர் போட்ட தையல் அறுந்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு பிள்ளை. காலேஜில் சேர்ந்தான், பாதியில் விட்டான். செல்போன் ரிப்பேர் கற்றுக்கொள்ளப் போனான். எந்தப் போனையும் அழகாகத் திறந்துவிடுவான். மூடுவதற்குள் அந்த வேலையையும் விட்டுவிட்டான். கல்யாண வீடியோ எடுக்கிறேன் என்று கேமராவைத் தூக்கினான். என் தங்கச்சி மகள் கல்யாணத்தில் நிக்காஹ்வை விட்டுவிட்டு பிரியாணி தேக்சாவை மட்டும் முழுசாக எடுத்துக் கொடுத்தான். கேட்டதற்கு, "அதான மாமா எல்லாரும் பாப்பாங்க" என்றான்.

முப்பத்தெட்டு வயதில் அவனுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சாமான். ஸ்கூலில் செஸ் விளையாடி மூன்றாவதாக வந்ததற்குக் கொடுத்த கப். அந்தக் கப்பின் பலத்தில்தான் ஒருநாள் என் பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"மாமா, ஞாயித்துக்கிழம உங்க மாடி சும்மாதான கெடக்கு?"

"சும்மா கெடக்கல. ரெஸ்ட் எடுக்குது."

"சின்னப் புள்ளைகளுக்கு செஸ் சொல்லிக் குடுக்கலாம்னு பாக்கேன். நம்ம ஃபரீஹாவுக்குச் சொல்லிக் குடுத்தேன், டக்குனு புடிச்சிட்டா. பக்கத்து வீட்டுப் புள்ளைகளும் வருது. வீட்ல இடமில்ல."

ஃபரீஹா அவன் மகள். அப்போது ஐந்து வயது. வாயும் மூளையும் உம்மா சஃபீனாவிடமிருந்து வந்தவை, அல்லாஹ் காப்பாற்றினான். அந்தப் பிள்ளை முகத்துக்காக மாடியைக் கொடுத்தேன்.

இரண்டாவது ஞாயிறு என்னதான் நடக்கிறது என்று பார்க்க மேலே ஏறினேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகக் குந்தியிருக்கிறார்கள். என் பட்டறையில் வெட்டி மிஞ்சிய கறுப்புத் தோலையும் பழுப்புத் தோலையும் ஒட்டி செஸ் போர்டு செய்திருக்கிறான். அதில் பேஸ்ட் வழிந்து காய்ந்திருந்தது. போகட்டும் என்று காய்களைப் பார்த்தால் எல்லாப் போர்டிலும் வெறும் சிப்பாய். இந்தப் பக்கம் ஒரு வரிசைச் சிப்பாய், அந்தப் பக்கம் ஒரு வரிசைச் சிப்பாய்.

"ராஜா எங்கல?"

"பையில இருக்காரு மாமா."

"ராணி?"

"பையில."

"யான, குதிர?"

"அதும் பையிலதான்."

"மாப்பிள்ளயப் பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டு கல்யாணப் பந்தி போடுறியால?"

பிள்ளைகள் சிரித்தன. அவனும் சிரித்தான். ரோசம் என்பதை அவன் எந்தக் கடையிலும் வாங்கியதில்லை.

அவன் சொன்ன விளக்கம் இது. முதலில் சிப்பாய் மட்டும். நேராக நடக்கும், குறுக்கே வெட்டும். எவனுடைய சிப்பாய் முதலில் எதிர்ப்பக்கக் கடைசிக் கட்டத்தைத் தொடுகிறதோ அவன் ஜெயித்தான், ஆட்டம் முடிந்தது. இது கைக்குப் படிந்த பிறகு யானையை எடுப்பானாம். யானையும் சிப்பாயும் மட்டும் கொஞ்ச நாள். அப்புறம் குதிரை. இப்படியே ஒவ்வொன்றாக. இவன் போகிற வேகத்தில் ராஜா பையை விட்டு வெளியே வரும்போது பையன்களுக்கு மீசை முளைத்திருக்கும்.

"மொத நாளே எல்லாக் காயையும் கொட்டுனா புள்ள எதப் பாக்கும் மாமா? உங்க பட்டறைக்குப் புதுசா ஒருத்தன் வந்தா மொத நாளே கத்தியக் குடுப்பீங்களா?"

"பேஸ்ட் தடவச் சொல்லுவேன்."

"எம்புட்டு நாளைக்கு?"

"எனக்குப் புடிக்கிற வரைக்கும்."

"அதான் மாமா இந்தச் சிப்பாய்."

நான் யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டவனில்லை. "எலே, பேஸ்ட் தடவுறவன் எந்திரிச்சு நின்னு பை தச்சிட்டேன்னு கூவ மாட்டான். ஒம் புள்ளைக கூவுது பாரு" என்றேன்.

உண்மையிலேயே கூவிக்கொண்டுதான் இருந்தன. அந்த மாடிக்கென்று ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டதும் ஜெயித்த பிள்ளை எழுந்து நின்று "வந்துட்டேன்" என்று கத்த வேண்டும். காய்களை அள்ளிப் பையில் போடுவது ஜெயித்தவர் உரிமை. தோல் போர்டைச் சுருட்டிவைப்பது தோற்றவர் வேலை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் பிள்ளைகளுக்கு இதுதான் செஸ். "ஆட்டம் இதோட முடியாதுன்னு சொல்லி வைல" என்று அன்றைக்கே சொன்னேன். என்ன பதில் வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

இப்படியே போயிருந்தால் நானும் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். சஃபீனா ஒரு முடிவுக்கு வந்தாள். புர்கா தைத்தே இந்தக் குடும்பத்தை இழுத்து வந்தவள் அவள். அவளுடைய அண்ணனுக்கு மேலப்பாளையத்தில் மெத்தைக் கடை. வந்து உட்காருங்கள், வாடகைக்கு வீடும் பார்த்துவிட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். "பக்ரீத்துக்குள்ள இங்கன ஒரு நெலையான வேலை அமையலன்னா பொட்டியக் கட்டிருவோம்" என்று சஃபீனா என் வீட்டுக்காரியிடம் வந்து அழுதாள். ஹாதிக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. அந்த மச்சான், கல்யாணமான நாளிலிருந்து இவனை "வீடியோ" என்றுதான் கூப்பிடுகிறார். ஆயுசுக்கும் அவர் கடையில் பஞ்சு தட்டிக்கொண்டு அந்தப் பெயரைக் கேட்க வேண்டும். பிள்ளையையும் ஸ்கூலிலிருந்து பிடுங்க வேண்டும்.

அழுதது சஃபீனா என்பதால் நான் இறங்கினேன். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஹவுசிங் சொசைட்டிக்கு செக்ரட்டரி வேங்கடசுப்ரமணியன். பேங்கில் பெரிய வேலை பார்த்து ரிட்டயரானவர். இருபது வருஷமாக என் பையைத்தான் தூக்குகிறார். அவர்கள் சொசைட்டி ஹாலில் சின்னப் பிள்ளைகளுக்குச் செஸ் நடத்தியவர் புனேக்குப் போய்விட்டார், ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். என் வாயால் ஒரு ஆளைச் சொன்னால் அந்த மாட்டுங்கா வட்டாரத்தில் அதற்கு மரியாதை உண்டு. ஹாதியைக் கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியில், கேட்டதற்கு மட்டும் பதில் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"ஹனீப் பாய் சொன்னா அதுக்கு மேல நான் என்ன கேக்கப் போறேன்" என்றார் செக்ரட்டரி. "ஆனா கமிட்டின்னு ஒண்ணு இருக்கே. வர ஞாயித்துக்கிழமை உங்க பசங்க மூணு பேரைக் கூட்டிண்டு வாங்கோ. எங்க கொழந்தைகளோட ஒரு மேட்ச் போட்டுப் பாக்கலாம். நன்னா ஆடினா கிளாஸ் உங்களுக்குத்தான். பசங்க முழு ஆட்டம் ஆடுவாளோல்லியோ?"

பிள்ளைகள் அப்போதுதான் யானைக்கு வந்திருந்தார்கள். ராணியைக் கண்ணால் கண்டதில்லை. இதுதான் சமயம், சொல்லிவிடுவான் என்று அவன் முகத்தைப் பார்த்தேன்.

"ஆயிரும் சார்" என்றான்.

"ஆடுவாளான்னு கேட்டேன்."

"ஆடிரும் சார். ஆயிரும்."

அந்த வாரம் தினமும் சாயங்காலம் மாடியில் பையைக் கவிழ்த்தான். குதிரை, பம்பாயில் ஒட்டகம் என்கிற பிஷப், ராணி, ராஜா எல்லாம் ஒரே வாரத்தில் வந்து இறங்கினார்கள். பிள்ளைகள் திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டதுபோல முழித்தன. ராஹில் என்கிற பையன் குதிரையை ஒட்டகம் மாதிரி ஓட்டினான். ஒரு வருஷம் சிப்பாயையே கட்டிக்கொண்டு அழுதவன் ஒரு வாரத்தில் சாம்ராஜ்யத்தையே கட்டப் பார்த்தால் எப்படி நிற்கும்? நடப்பது எப்படி, வெட்டுவது எப்படி என்று மட்டும் சொல்லி முடிக்கவே அவனுக்கு நேரம் போதவில்லை. சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனால் அது ராணியாக மாறி ஆட்டம் தொடரும் என்ற ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லவே இல்லை. மறந்துவிட்டான். ஊருக்கே சிப்பாய் வாத்தியார், சிப்பாய்க்கு என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல மறந்தான்.

ஞாயிற்றுக்கிழமை என் காரிலேயே கூட்டிக்கொண்டு போனேன். ராஹில், லேபர் கேம்ப்பிலிருந்து வந்த பூமாரி, பெருநாள் கவுனில் ஃபரீஹா. ஹாலில் மேடை, மேடையில் மாலை போட்ட படங்கள், சுவரோரம் நாற்காலிகள். எல்லா நாற்காலியிலும் பெற்றோர். அந்தப் பெற்றோரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. பிள்ளை காயைத் தொடுவதற்கு முன்னால் தாய்க்கு மூச்சு நிற்கிறது. காயை வைத்ததும் தகப்பன் நெற்றியில் அடித்துக்கொள்கிறான். நான் கத்தி பிடித்துத் தோல் வெட்டிய வயதில் என்னை யாரும் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அதனால்தான் விரல்கள் பத்தும் இருக்கின்றன.

ராஹில் உட்கார்ந்த சூட்டோடு தோற்றான். "செக்" என்று எதிர்ப் பையன் சொன்னதற்கு "என்ன செக்?" என்று கேட்டான். பூமாரி கொஞ்சம் தாக்குப்பிடித்தாள், பிறகு ராஜாவை யானை மாதிரி ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஹாதி சுவரில் சாய்ந்து நின்றான். அவன் உதடு அசைந்தது. ஆயிரும், ஆயிரும் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தான் போல.

மிச்சம் ஃபரீஹா. அவளுக்கு எதிரில் செக்ரட்டரியின் பேரன் மாதவ். ஏழு வயது. அவன் எடுத்த எடுப்பிலேயே ராணியை வெளியே கொண்டுவந்தான். மந்திரி வீட்டு வண்டி மாதிரி அது குறுக்கும் நெடுக்கும் போய், கண்டதையெல்லாம் தின்றது. குதிரை போனது, ஒட்டகம் போனது. ஃபரீஹா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு அவையெல்லாம் போன வாரம் வந்த விருந்தாளிகள். போனால் போகட்டும். அவள் பார்வையெல்லாம் இரண்டு சிப்பாயில் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்கு ஒன்று காவலாக, ஒன்று நடந்தால் மற்றது நின்று, எதிர்ச் சிப்பாய் வந்தால் குறுக்கே வெட்டி, மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு போனாள். மாதவ் ராணியை வைத்துக்கொண்டு மூலையில் ஒரு யானையைத் துரத்திக்கொண்டிருந்தான். நாற்காலியிலிருந்தவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். செக்ரட்டரியே எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டது.

ஃபரீஹா எழுந்தாள். "வந்துட்டேன்" என்றாள். மேசை மேலிருந்த எல்லாக் காயையும், மாதவின் ராஜா உட்பட, இரண்டு கையாலும் அள்ளிப் பையில் கொட்டினாள். "நீ போர்ட மடி" என்றாள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால் மாதவ் போர்டை மடித்தான். அவள் அவ்வளவு உறுதியாகச் சொன்னாள். மடித்துக்கொண்டே, தோற்றுவிட்டோம் என்று அழ ஆரம்பித்தான். அவன் அம்மா ருக்கு ஓடிவந்தாள். "அழாதேடா, நீ தோக்கல, ஆட்டம் முடியவே இல்ல" என்றாள்.

"முடிஞ்சிட்டு" என்றாள் ஃபரீஹா.

"இல்ல கொழந்தே" என்று செக்ரட்டரி குனிந்தார். "உன் சிப்பாய் அங்க போனா அது ராணி ஆயிடும். ராணிய வெச்சுண்டு நீ மேல ஆடணும். ஆடியிருந்தா ஒருவேளை நீதான் ஜெயிச்சிருப்ப."

அவள் அவரைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற வாப்பாவைப் பார்த்தாள். "கடைசிக் கட்டத்துக்குப் போனா முடிஞ்சிரும்னு நீங்கதான சொன்னீங்க?"

ஹால் முழுக்க அவன் பக்கம் திரும்பியது. என் வாக்கு அங்கே நின்றுகொண்டிருந்தது. பிள்ளை மறந்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆறு வயதுப் பிள்ளையை யார் குற்றம் சொல்லப் போகிறார்கள்? ஹாதிக்குப் பொய் புதிதா?

"நான்தாம்மா சொன்னேன்" என்றான். "எங்க ஆட்டத்துல அது முடிவு. இந்த ஆட்டத்துல இல்ல. சொல்லாம விட்டது நான். நீ சரியாத்தான் ஆடுன."

செக்ரட்டரி நல்ல மனுஷர். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரோடு ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார். "போகட்டும். அந்தக் கொழந்தை நடத்திண்டு போன அழகைப் பாத்தோம். அத சொல்லிக் குடுத்தவருக்கு மிச்சத்தையும் சொல்லிக் குடுக்கத் தெரியும். அடுத்த மாசம் சொசைட்டிகளுக்குள்ள போட்டி. எங்க கொழந்தைகள் எல்லாரையும் முழு ஆட்டத்துக்குத் தயார் பண்ணணும். பாதிப் பேருக்குக் காயே தெரியாது. ஒரு மாசம் இருக்கு. கிளாஸை எடுத்துக்கோங்கோ. ஆயிடுமா?"

மேலப்பாளையத்து மெத்தைக் கடை அந்த இடத்திலேயே ஒழிந்தது என்று நினைத்தேன். இவன் பிறந்ததிலிருந்து சொல்லிவந்த ஒரே பதிலை, அந்தப் பெரிய மனிதர் அவன் வாயிலேயே எடுத்து வைக்கிறார். அல்லாஹ் இதைவிட ஒருவனுக்கு எப்படி உதவி செய்வான்?

"ஆகாது சார்" என்றான் ஹாதி.

நான் அவன் காலை மிதித்தேன்.

"ஒரு மாசத்துல ஆகாது. இப்பத்தான் ஒரு வாரத்துல பண்ணிப் பாத்தேன். அந்த ரெண்டு புள்ளைகளும் எப்டி முழிச்சதுன்னு நீங்களே பாத்தீங்க."

"ஒரு மாசத்துல பின்ன என்னதான் பண்ணுவேள்?"

"சிப்பாய் மட்டும் சார்."

நாற்காலிகளில் சிரிப்புக் கிளம்பியது. மாதவ் மட்டும் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பையையே பார்த்தான். செக்ரட்டரி என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நான் வேறு எங்கோ பார்த்தேன். காரில் சயன் வரை நான் திட்டியதை எழுத முடியாது, பெண்களும் படிப்பார்கள். இத்தனை வருஷமாக ஆகாத இடத்திலெல்லாம் ஆகும் என்றவன், ஆகும் என்று சொன்னால் சோறு கிடைக்கும் ஒரே இடத்தில் ஆகாது என்று கற்றுக்கொண்டான். புத்தி வருவதற்கும் ஒரு நேரம் பார்க்க வேண்டாமா?

சஃபீனா வாசலில் கத்திரிக்கோலோடு நின்றாள். "என்னாச்சு மாமா?"

"கிளாஸக் குடுத்தாங்க. வேண்டாம்னு சொல்லியாச்சு."

"யாரு?"

"ஒம் மாப்பிள்ளதான். ஆகாதுன்னுட்டான்."

அவள் என்னை நம்பவில்லை. மகளைப் பார்த்தாள். "ஆமா உம்மா, ஆகாதுன்னாங்க" என்றாள் ஃபரீஹா. அப்புறம்தான் புருஷனைப் பார்த்தாள், யாரோ விலாசம் தப்பி வந்த ஆளைப் பார்ப்பது போல.

"அப்ப ஊருக்குப் போறது?"

"அதும் ஆகாது" என்றான். "போனக் குடு, மச்சான்ட்ட நானே சொல்லுதேன்."

"பொறவு சோத்துக்கு?"

"தெரியல சஃபீனா."

அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் புத்தி உண்டு என்று எண்ணியிருந்தேன், அன்றைக்கு அதிலும் சந்தேகம் வந்தது. போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"மாமா, ஒரு வேல குடுங்க."

"கத்தி புடிக்கத் தெரியுமால?"

"தெரியாது."

"மிஷினு?"

"தெரியாது மாமா."

"வாஹித் மவன்னு வெளிய சொல்லிராத. எனக்குத்தான் கேவலம்."

பேஸ்ட் டப்பாவையும் பிரஷையும் காட்டினேன். கத்திப் பக்கம் கை போனால் கையை ஒடிப்பேன் என்றும் சொல்லிவைத்தேன். பதினெட்டு வயதுப் பயல்களோடு சேர்ந்து குந்தியிருக்கிறான். பக்ரீத் வந்தது, போனது. குடும்பம் இங்கேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் கூத்து நடக்கிறது. ராணி மறுபடி பைக்குள் போய்விட்டாள். பிள்ளை "வந்துட்டேன்" என்று எழுந்தால் "உக்காரு, இன்னும் இருக்கு" என்கிறான். எந்தப் பிள்ளையும் உட்காருவதில்லை. தாய்மார் வந்து என் பிள்ளை எப்போது சாம்பியன் ஆவான் என்று கேட்டால் தெரியாது என்கிறான். அதற்குப் பிறகும் பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்றால் அந்தத் தாய்மாரை என்ன சொல்வது?

பேஸ்ட் இன்னும் ஓரத்தில் வழிகிறது. நேற்று அவன் தடவிய தோலை எடுத்து அவன் முன்னாலேயே சுரண்டித் தூக்கிப் போட்டேன். "மறுபடி தடவு. சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரே மட்டமா வரணும்."

"ஆயி..." என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து வாயை மூடினான். பிரஷை எடுத்தான்.